இல்லத்து எரிவாயு அடுப்பு: பேணலும் சோதனையும்

விறகும் மண்ணெண்ணெயும் எரிந்த தோட்டத்து அடுப்படிகளில் இப்போது எரிவாயு எரிகின்றது. விடியுமுன் எழுந்து, உலையேற்றி, பிள்ளைகள் பசியாறுவதற்கு ஆவன செய்து வைத்துவிட்டு, பெரட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டிய குடும்பத் தலைவிக்கு இவ்வடுப்பு அளிக்கும் உதவி சிறிதன்று. புகை இல்லை, சட்டி பானையில் கரி இல்லை, மழைக்காலத்தில் ஈர விறகோடு போராடும் தொல்லையும் இல்லை.

ஆயினும், வசதி தரும் பொருள் எதுவாயினும் அதற்குரிய கவனத்தையும் நாம் அளித்தாக வேண்டும். மரம் சீவும் கத்தியை நாள்தோறும் தீட்டுகின்றோம்; மங்கைத் துடைத்து வைக்கின்றோம்; மோட்டார் சைக்கிளுக்குக் காலம் தவறாமல் எண்ணெய் மாற்றுகின்றோம். எரிவாயு அடுப்பையோ, வாங்கிய நாளில் பொருத்தியதோடு பலர் மறந்துவிடுகின்றனர். தோம்பு தீர்ந்தால் புதுத் தோம்பு வருகின்றது. அதனோடு இணைக்கும் குழாயும் ரெகுலேட்டரும் பழையனவாகவே இருந்துவிடுகின்றன. மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஒதுக்கி இவற்றைச் சோதித்து வந்தால், வீட்டையும் உயிரையும் பறிக்கக்கூடிய விபத்துகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடலாம். அச்சோதனையை எவ்வாறு செய்வது, ஏன் செய்வது என்பதை இங்கே காண்போம்.

தோம்பினுள் இருப்பது என்ன?

நம் வீடுகளுக்கு வரும் தோம்பில் இருப்பது, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் புரொப்பேன், பியூட்டேன் எனும் இரு வாயுக்களின் கலவையாகும். இவ்வாயுக்களை அழுத்தி அடைக்கும்போது அவை திரவமாகிவிடுகின்றன. தோம்பை அசைத்தால் உள்ளே நீர் அலைவது போன்ற ஓசை கேட்பது இதனால்தான். வால்வைத் திறந்ததும், அடங்கியிருக்கும் அழுத்தம் குறைந்து, திரவம் மீண்டும் வாயுவாக மாறி வெளிவருகின்றது. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். சிறிய தோம்பு ஒன்று பல வாரங்களுக்குச் சமையலுக்கு உதவுவதன் இரகசியம் இதுவே. சிறிய கசிவும் பெரிய கேட்டை விளைவிப்பதற்குக் காரணமும் இதுவே.

இவ்வாயுவைப் பற்றி நாம் அவசியம் அறிந்திருக்க வேண்டிய உண்மைகள் இரண்டு. முதலாவது, இது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. புகையைப் போல் மேலெழுந்து கூரை வழியாகப் போய்விடாது. நீரைப் போல் தரையில் படர்ந்து, பள்ளத்தை நாடிச் சென்று தேங்கும். மேசைக்கு அடியிலும், அலமாரிக்குள்ளும், சாக்கடைக் கால்வாயிலும், பலகைத் தரையின் அடியிலும் போய் நிற்கும். சன்னல் திறந்திருந்தாலும், கதவு அடைத்திருந்தால் தரையில் கிடக்கும் வாயு எளிதில் வெளியேறாது.

இரண்டாவது, காற்றில் 100 பங்குக்கு ஏறத்தாழ 2 பங்கு இவ்வாயு கலந்தாலே அக்கலவை தீப்பற்றக்கூடிய நிலையை அடைந்துவிடும். இதை ஒரு கணக்கால் விளக்கலாம். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் பத்தடி கொண்ட ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். அவ்வறை முழுவதையும் அந்நிலைக்குக் கொண்டுவர ஒன்றேகால் கிலோ அளவு வாயு போதும். நாம் வாங்கும் தோம்பில் இருப்பதோ 14 கிலோ. அதிலும், வாயு தரையோடு படிந்து நிற்பதால், முழு அறையும் நிரம்புமுன்னரே தரைமட்டத்தில் ஆபத்து உருவாகிவிடும். ஒரு தீப்பொறி மட்டுமே அதற்குக் குறை.

கெட்ட வாடை ஒரு காவலன்

புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் இயல்பில் நிறமும் இல்லை. சொல்லத்தக்க மணமும் இல்லை. நாம் உணரும் அழுகிய முட்டை போன்ற வாடை, வேண்டுமென்றே கலக்கப்பட்டதாகும். மெர்காப்டன் எனும் வகையைச் சேர்ந்த கந்தகப் பொருளை மிகச் சிறிதளவு சேர்த்து இவ்வாடையை உண்டாக்குகின்றனர்.

இவ்வழக்கம் பரவியதற்குப் பின்னால் ஒரு துயர வரலாறு உண்டு. 1937-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் எனும் ஊரிலிருந்த பள்ளிக்கூடத்தில், மணமற்ற இயற்கை எரிவாயு கட்டடத்தின் அடிப்பகுதியில் எவரும் அறியாதவாறு கசிந்து தேங்கியது. மின்கருவி ஒன்றின் பொறி பட்டு அது வெடித்தபோது, மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன் பின்னரே எரிவாயுவில் வாடை சேர்க்க வேண்டும் எனும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. பிற நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. ஆகவே, அடுப்படியில் அவ்வாடை வீசும்போது, “தோம்பு தீரப் போகிறது போலும்” என்று அலட்சியமாக இருந்துவிடலாகாது. அது நமக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை என்பதை வீட்டிலுள்ள சிறுவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

நலிவான இடம் குழாயே

எரிவாயு விபத்து என்றதும் தோம்பு வெடிப்பதையே பலர் எண்ணுகின்றனர். தோம்போ தடித்த எஃகினால் ஆனது. பெரும் அழுத்தத்தைத் தாங்குமாறு சோதிக்கப்பட்டது. அதற்கும் அடுப்புக்கும் இடையே செல்லும் இரப்பர்க் குழாயும், அதன் இரு முனைகளும், ரெகுலேட்டர் பொருந்தும் வாயுமே நலிவான இடங்கள். முழு அமைப்பிலும் விலை குறைந்த பொருள் அக்குழாய்தான். நாம் மாற்றாமல் விட்டுவைப்பதும் அதைத்தான்.

இரப்பரின் இயல்பை இரப்பர்த் தோட்டத்தில் வாழும் நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் கிடந்த இரப்பர் துண்டு நாளடைவில் விறைத்து, வெடித்துப் போவதைக் கண்டிருக்கின்றோம். பெட்ரோல் பட்ட இரப்பர் ஊதிப் பருத்துத் தன் வலுவை இழப்பதையும் அறிவோம். எரிவாயுவும் பெட்ரோலின் இனத்தைச் சேர்ந்ததே. மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை இரப்பர் அதைத் தாங்காது. ஆகவே, எரிவாயுக் குழாயின் உட்புறம் நைட்ரைல் எனப்படும் செயற்கை இரப்பரால் செய்யப்படுகின்றது. தண்ணீர்க் குழாயையோ, மோட்டார் கடையில் கிடைக்கும் வேறு குழாயையோ அளவு பொருந்துகின்றது என்பதற்காக அடுப்புக்குப் பயன்படுத்துவது பெருந்தவறாகும். எரிவாயுவுக்கென்றே செய்யப்பட்டு, தர முத்திரை பதிக்கப்பெற்ற குழாயையே வாங்க வேண்டும்.

நல்ல குழாயும் நிலைத்திருப்பதில்லை. அடுப்பின் வெப்பம் அதை இறுகச் செய்கின்றது. எண்ணெய்ப் பசை அதன் மேற்புறத்தைக் கெடுக்கின்றது. வளைந்து இழுபட்டு நிற்கும் இடத்தில் காற்றிலுள்ள ஓசோன் எனும் வாயு மெல்லிய வெடிப்புகளை உண்டாக்குகின்றது. எலியும் குழாயைக் கடிக்கும். இத்தனைக்கும் இடங்கொடுத்துப் பல ஆண்டுகள் கிடக்கும் குழாயை நம்பித்தான் நாம் தீ மூட்டுகின்றோம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை குழாயையும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை ரெகுலேட்டரையும் மாற்றிவிடுவது நல்ல வழக்கமாகும். வெடிப்பு, வீக்கம், இறுகல், எலிக்கடி ஆகிய எதுவும் தென்பட்டால் அக்காலம்வரை காத்திராமல் அன்றே மாற்ற வேண்டும். வெடித்த இடத்தில் நாடா சுற்றுவது பழுது பார்த்ததாகாது.

குழாய் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம் இருந்தால் போதும். அடுப்பின் கீழாகவோ, சூடான பாத்திரம் படும் இடத்திலோ அதைக் கொண்டு செல்லலாகாது. மடிப்பும் முறுக்கும் இன்றி, கண்ணுக்குத் தெரியுமாறு இருக்க வேண்டும். இரு முனைகளிலும் கிளிப் எனப்படும் உலோக வளையங்கள் இறுகப் பொருந்தியிருப்பது கட்டாயமாகும். கம்பியால் சுற்றிக் கட்டுவது ஆபத்து; கம்பி இரப்பரை அறுத்துவிடும்.

ஐந்து நிமிடச் சோதனை

சோதனைக்கு வேண்டியவை ஒரு கிண்ணம் நீர், சிறிது பாத்திரம் கழுவும் சவர்க்காரம், ஒரு பழைய தூரிகை அல்லது துணித் துண்டு. வீட்டில் எங்கும் தீ இல்லாதவாறு முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சாமி மேடை விளக்கு, கொசுவர்த்திச் சுருள், சிகரெட் ஆகியவையும் தீயே என்பதை மறக்கலாகாது.

1. கதவையும் சன்னலையும் நன்றாகத் திறந்து வையுங்கள்.

2. அடுப்பின் குமிழ்கள் யாவும் அடைத்திருப்பதை உறுதி செய்துகொண்டு, தோம்பின் ரெகுலேட்டரைத் திறந்துவிடுங்கள். இப்போது குழாய் முழுவதிலும் வாயு நிரம்பி நிற்கும்.

3. நுரை பொங்கக் கலக்கிய சவர்க்கார நீரை, ரெகுலேட்டர் வால்வோடு சேரும் இடம், குழாய் ரெகுலேட்டரோடு சேரும் இடம், குழாயின் முழு நீளம், குழாய் அடுப்போடு சேரும் இடம் என்ற வரிசையில் தடவுங்கள்.

4. ஒவ்வோர் இடத்தையும் சற்று நேரம் உற்று நோக்குங்கள். கசிவு இருந்தால் அவ்விடத்தில் குமிழிகள் தோன்றிப் பெருகும்.

5. குழாயைப் பல இடங்களில் மெல்ல வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது தெரியாத வெடிப்புகள் வளைக்கும்போது வாய் திறந்து காட்டும்.

6. முடிந்ததும் ரெகுலேட்டரை அடைத்து, சவர்க்கார நீரைத் துடைத்துவிடுங்கள்.

குமிழி தோன்றினால் உடனே ரெகுலேட்டரை அடைத்து, கிளிப்பை இறுக்கி, மீண்டும் சோதிக்க வேண்டும். அதன் பின்னரும் குமிழி நில்லாவிடில் அவ்வடுப்பைப் பயன்படுத்தாமல், தோம்பு விற்பவரை அழைத்துக் காட்ட வேண்டும். தீக்குச்சியையோ லைட்டரையோ காட்டிக் கசிவைத் தேடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிரோடு விளையாடுவதாகும். புதுத் தோம்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் இச்சோதனையைச் செய்துவிட வேண்டும்.

தோம்பும் ரெகுலேட்டரும்

தோம்பு வாங்கும்போது வாயின் மேலுள்ள முத்திரை உடையாமல் இருக்கின்றதா, அடிப்புறம் துருவேறியுள்ளதா, உடலில் பள்ளம் விழுந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். வால்வின் வாய்க்குள் இருக்கும் கரிய இரப்பர் வளையம் கிழிந்தோ காணாமலோ போயிருந்தால், எவ்வளவு கவனமாக ரெகுலேட்டரைப் பொருத்தினாலும் வாயு கசியும். அத்தகைய தோம்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ரெகுலேட்டர், குழாய், அடுப்பு ஆகியவற்றை வாங்கும்போது சிரிம் முத்திரை உள்ளதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் எரிவாயு விநியோகச் சட்டம் 1993-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட எரிசக்தி ஆணையம் இத்துறையின் பாதுகாப்பைக் கண்காணித்து வருகின்றது.

தோம்பு எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். வாயு தீரும் தறுவாயில், எஞ்சியிருப்பதையும் பயன்படுத்திக்கொள்ளும் எண்ணத்தில் சிலர் தோம்பைப் படுக்க வைக்கின்றனர். அவ்வாறு செய்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாய்க்குள் பாய்ந்து, அடுப்பில் தீ சீறிப் பாயும். வேறு சிலர் கொதிநீரை ஊற்றிச் சூடாக்குகின்றனர்; அதுவும் கூடாது. திரவம் வாயுவாக மாறுவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தோம்பின் உடலிலிருந்தே எடுத்துக்கொள்வதால் தோம்பு குளிர்ந்து வியர்ப்பது இயல்பே. எவ்வளவு மீதம் உள்ளது என்று அறிய வேண்டுமானால் தோம்பை நிறுத்துப் பார்க்கலாம். வெறுந்தோம்பின் எடை அதன் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கழித்தால் மிஞ்சுவதே வாயுவின் எடை.

காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி, சாக்கடைக்கு அருகில் இல்லாதவாறு தோம்பை வைக்க வேண்டும். மூடிய அலமாரிக்குள் வைப்பது தவறு. இரவில் உறங்கப் போகுமுன்னும், வேலைக்குப் புறப்படுமுன்னும் அடுப்பின் குமிழை மட்டும் அடைப்பது போதாது. ரெகுலேட்டரையும் அடைக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் பயன்படுத்தும் பெரிய அடுப்புகளுக்கு உயர் அழுத்த ரெகுலேட்டர் தேவைப்படும். அதை வீட்டு அடுப்பில் பொருத்துவதோ, வீட்டு அடுப்பின் குழாயை அதில் மாட்டுவதோ கூடாது.

தீயின் நிறத்தைப் பாருங்கள்

நன்கு பேணப்பட்ட அடுப்பில் தீ நீல நிறத்தில், ஓசையின்றி, சீராக எரியும். மஞ்சளாக நீண்டு ஆடினாலும், பாத்திரத்தின் அடியில் கரி படிந்தாலும், வாயு முழுமையாக எரியவில்லை என்று பொருள். பொங்கி வழிந்த சோறும் எண்ணெயும் பர்னர் எனப்படும் எரிமுகத்தின் துளைகளை அடைத்திருக்கலாம். காற்றை உள்ளிழுக்கும் குழலில் சிலந்தியோ எறும்போ கூடு கட்டியிருக்கலாம்.

தோம்பை அடைத்து, அடுப்பு ஆறிய பின், பர்னரைக் கழற்றி, சவர்க்கார நீரில் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர வைத்துப் பொருத்த வேண்டும். வாயு பீறிட்டு வரும் நுண்ணிய துளையைக் கம்பியால் குடையலாகாது. துளை பெரிதானால் வாயு அளவுக்கு மேல் வந்து தீ என்றும் மஞ்சளாகவே எரியும்.

முழுமையாக எரியாத வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு எனும் நச்சுக் காற்று பிறக்கின்றது. இதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்லும் பொருளோடு இது உயிர்க்காற்றைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட வலுவுடன் ஒட்டிக்கொள்ளும். அடைத்த அறையில் அடுப்பு எரியும்போது தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். மழைக் குளிருக்காகச் சமையலறையை முற்றும் மூடிக்கொண்டு சமைப்பதைத் தவிர்க்க வேண்டும். குளியலறையில் எரிவாயுவால் நீர் சூடாக்கும் கருவி வைத்திருப்போருக்கு இவ்வெச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

வாடை வீசினால் செய்ய வேண்டியவை

மின் விசையைத் தொடாதீர்கள். போடுவது மட்டுமன்றி, எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைப்பதும் பொறியை உண்டாக்கும். மின்விசிறியைச் சுழலவிட்டு வாயுவை விரட்ட முயல்வதும் இத்தகைய தவறே. வீட்டுக்குள் கைப்பேசியைப் பயன்படுத்த வேண்டாம். எரியும் தீ எதுவாயினும் அணைத்துவிட்டு, ரெகுலேட்டரை அடைத்து, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லாரையும் வெளியேற்றுங்கள். அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். தூரமாக வந்த பின் 999 எண்ணுக்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புத் துறைக்குத் தெரிவியுங்கள். தோட்டத்தின் பெயரோடு, வண்டி நுழைய வேண்டிய வழியையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

குழாயிலோ ரெகுலேட்டரிலோ தீ பற்றிவிட்டால், வால்வை நெருங்க முடியுமானால் ஈரத் துணியால் கையை மறைத்துக்கொண்டு அதை அடைக்கலாம். வாயு நின்றால் தீயும் நிற்கும். நெருங்க முடியாவிடில் வெளியேறிவிடுவதே அறிவுடைமை. வாயுவை நிறுத்தாமல் தீயை மட்டும் அணைத்தால், எரியாத வாயு பரவி முன்னிலும் பெரிய கேட்டை விளைவிக்கும். எவருக்கேனும் தீப்புண் ஏற்பட்டால், குழாய் நீரை 20 நிமிடம் அதன்மேல் ஓடவிட்டு, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பற்பசை, எண்ணெய், மஞ்சள் எதையும் தடவ வேண்டாம்.

ஒரு வீட்டின் கவனம் லயத்தின் பாதுகாப்பு

தனி வீட்டில் வாழ்பவரின் கவனக்குறைவு அவ்வீட்டோடு நிற்கலாம். லயத்திலோ, ஒரே கூரையின்கீழ், பலகைச் சுவர் ஒன்றையே நடுவில் வைத்துப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு வீட்டில் கசிந்த வாயு கதவின் கீழாகவும் கால்வாய் வழியாகவும் அடுத்த வீட்டில் எரியும் விளக்கைச் சென்றடையும். பட்டணத்திலிருந்து தொலைவிலுள்ள தோட்டத்துக்குத் தீயணைப்பு வண்டி வந்து சேரவும் நேரம் பிடிக்கும்.

எனவே, சம்பளம் பெறும் நாளையே அடுப்புச் சோதனைக்கும் உரிய நாளாக வைத்துக்கொள்ளலாம். குழாய் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். கண் மங்கிய முதியோர் மட்டும் வாழும் வீடுகளுக்கு, பக்கத்து வீட்டு இளைஞர்கள் சென்று சோதித்துக் கொடுக்கலாம். பால்மரப் பட்டையில் கத்தி ஆழப் பதிந்துவிடாமல் கவனித்துச் சீவப் பழகிய கைகளுக்கும் கண்களுக்கும், ஒன்றரை மீட்டர் குழாயில் ஒரு வெடிப்பைக் கண்டுபிடிப்பது கடினமான செயலன்று. அடுத்த சம்பள நாளில் ஒரு கிண்ணம் சவர்க்கார நீரோடு தொடங்குங்கள்.